சிட்னி பெஷேயும் ஒரு நேரான சாக்ஸபோனும்

கொஞ்சம் நீளமான த்ரெட். மெடிக்கல் விஷயம் அங்கங்க ஓரமா வரும், ஆனா இது முழுக்க ஒரு இசைக்காரரைப் பத்தினது. ஜாஸ் பக்கமே போகாதவங்களும் படிக்கலாம். கதை அப்படி.

'மிட்நைட் இன் பாரிஸ்' படம் பார்த்தவங்களுக்கு அந்த ஆரம்பம் ஞாபகம் இருக்கும். கொஞ்ச நேரத்துக்கு வசனமே கிடையாது. பாரிஸ் தெரு, பாலம், கஃபே, மழைன்னு காட்சிகள் மட்டும் வந்துட்டே இருக்கும். பின்னாடி ஒரு வாத்தியம் நடுங்கி நடுங்கிப் பாடும். நிறைய பேர் அதை கிளாரினெட்னு நினைப்பாங்க. அது சோப்ரானோ சாக்ஸபோன். வாசிச்சவர் சிட்னி பெஷே.

நமக்கு சாக்ஸபோன்னா 'டூயட்' படமும் கத்ரி கோபால்நாத்தும்தான். அவர் கையில வளைஞ்சு நிக்குமே, அது ஆல்டோ. பெஷேயோடது வளைவே இல்லாத நேர்க்குழல். நாதஸ்வரம் மாதிரி கீழ போகப் போக விரியும், ஆனா பித்தளை. பார்க்க சாது மாதிரி இருக்கும். வாசிக்கிறவங்களைக் கேட்டா, சாக்ஸபோன் குடும்பத்துலயே அடங்காத பிள்ளை இதுதான்னு சொல்வாங்க. உதட்டு அழுத்தம் ஒரு துளி மாறினாலும் சுருதி நழுவிடும்.

இப்படி ஒரு வாத்தியத்தை எடுத்து, ஜாஸ்ல தனியா முன்னாடி நின்னு பாடுற குரலா மாத்தின ஆள் பெஷே. சாக்ஸபோனைக் கண்டுபிடிச்ச பெல்ஜியக்காரர் அடால்ஃப் சாக்ஸ் 1846-ல பாரிஸ்ல காப்புரிமை வாங்கினார். அதுக்கப்புறம் ரொம்ப காலம் ராணுவ பேண்டுலயும், அமெரிக்காவுல கோமாளித்தனமான மேடை நிகழ்ச்சிகள்லயும்தான் அது அதிகம் கேட்டுச்சு. அதுல ஒருத்தர் அழ முடியும், கோபப்பட முடியும்னு காட்டின முதல் சிலர்ல இவர் ஒருத்தர்.

பிறந்தது 1897 மே 14, நியூ ஆர்லியன்ஸ். கிரியோல் குடும்பம், வீட்ல பிரெஞ்சு பேசுவாங்க. அப்பா செருப்பு தைக்கிறவர். வெள்ளையர்களுக்கும் கறுப்பர்களுக்கும் தனித்தனி ரயில் பெட்டி வைக்கலாம்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1896-ல. அந்த வழக்கு கிளம்பினதே நியூ ஆர்லியன்ஸ்லதான். இவர் பிறந்தது அதுக்கு அடுத்த வருஷம். இதை மனசுல வச்சுக்கிட்டு மிச்சத்தைப் படிங்க.

அண்ணன் லியோனார்ட்கிட்ட ஒரு கிளாரினெட் இருந்தது. அண்ணன் இல்லாத நேரத்துல பொடியன் அதை எடுத்து ரகசியமா ஊதிப் பழகினான். ஆறு வயசு இருக்கும்போது வீட்ல ஒரு பிறந்தநாள் விருந்து. வந்திருந்த பேண்டு முன் அறையில வாசிக்க, பக்கத்து அறையிலிருந்து இவன் கூடவே வாசிச்சிருக்கான். ஜார்ஜ் பாக்கேங்கிற கிளாரினெட் வித்வான் அதைக் கேட்டுட்டு பாடம் சொல்லிக்கொடுக்க ஆரம்பிச்சார்னு கதை. பெரிய பெரிய வாத்தியார்கள் கிடைச்சாங்க. ஆனா நொட்டேஷன் படிக்க மட்டும் கடைசி வரை கத்துக்கவே இல்லை. எல்லாம் காது.

அந்த அண்ணன் லியோனார்ட் பின்னாடி பல் டாக்டர் ஆனார், டிராம்போனும் வாசிப்பார். இதைப் படிச்சப்ப எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. ஏன்னா சாக்ஸபோன், கிளாரினெட் எல்லாமே கிட்டத்தட்ட பல்லை நம்பி நடக்குற தொழில். மேல் முன்பற்கள் மவுத்பீஸ் மேல நிக்கணும். கீழ் உதடு கீழ்ப்பல் மேல மடிஞ்சு மெத்தை மாதிரி நாணல் பட்டையைத் தாங்கணும். சுத்தி இருக்குற உதட்டுத் தசை வளையம் காத்து கசியாம இறுக்கிப் பிடிக்கணும். ஒரு முன்பல் ஆடினா போதும், பல வருஷப் பழக்கம் தடுமாறிடும்.

பெஷேயைக் கேட்டவுடனே கண்டுபிடிச்சிடலாம். காரணம் அந்த நடுக்கம், வைப்ரட்டோ. பொதுவா சாக்ஸபோன்ல தாடையைத் துளித் துளியா அசைச்சுத்தான் அதைக் கொண்டு வருவாங்க. மத்தவங்க அதை ஊறுகாய் மாதிரி தொட்டுக்குவாங்க. இவர் சோறே அதுதான்னு பரிமாறுவார். அகலமா, வேகமா, விடாம. சிலருக்கு இது எரிச்சலா இருக்கும். முதல் தடவை கேட்டப்ப எனக்கும் 'இவருக்கு ஏன் இப்படி நடுங்குது'ன்னுதான் தோணுச்சு. நைட் டூட்டி முடிச்சு குவார்ட்டர்ஸ்ல தூக்கம் வராத ஒரு காலையில நாலஞ்சு பாட்டு தொடர்ந்து ஓட விட்டேன். அப்புறம்தான் புரிஞ்சது, அந்த நடுக்கத்துக்கு அடியில சுருதி பாறை மாதிரி நிக்குது.

1919. வில் மேரியன் குக்கோட சதர்ன் சின்கோபேட்டட் ஆர்கெஸ்ட்ராவோட லண்டன் போறார். வயசு 22. அந்தக் கச்சேரியைக் கேட்ட சுவிட்சர்லாந்து இசை நடத்துநர் எர்னெஸ்ட் அன்செர்மே ஒரு பத்திரிகையில கட்டுரை எழுதினார். ஸ்ட்ராவின்ஸ்கியோட இசையையெல்லாம் மேடையேத்தின ஆள் அவர். அந்தக் கறுப்பின இளைஞனை மேதைன்னே எழுதினார். இவர் போற பாதையில நாளைக்கு உலகமே போகலாம்ங்கிற தொனி. ஜாஸ் பத்தி வந்த முதல் சீரியஸான விமர்சனங்கள்ல ஒண்ணுன்னு இன்னைக்கும் அதைச் சொல்றாங்க. சொந்த ஊர்ல ரயில்ல சமமா உட்கார முடியாத பையனுக்கு ஐரோப்பாவுல கிடைச்ச வரவேற்பு இது.

அதே லண்டன்ல ஒரு கடையில அந்த நேரான சோப்ரானோவை வாங்கினார். கிளாரினெட் பேண்டோட சத்தத்துல அமுங்கிப் போயிடும். இது டிரம்பெட்டுக்கே சவால் விடும். கூட்டத்துல ரெண்டாவது ஆளா நிக்கிறது பெஷே ரத்தத்துலயே கிடையாது. அதனால இந்த வாத்தியம் அவருக்குன்னே செஞ்ச மாதிரி அமைஞ்சது.

ஆனா அதே லண்டன்லதான் முதல் பெரிய விழுகையும். 1922-ல ஒரு பெண்ணைத் தாக்கிய வழக்குல தண்டனை, சிறை, நாடு கடத்தல். தன் மேல தப்பில்லைன்னுதான் அவர் சொல்லிட்டு இருந்தார். தீர்ப்பு தீர்ப்புதான். ரசிகர்கள் எழுதுற கட்டுரைகள்ல இது ஒரு வரியில கடந்து போயிடும், 'சின்ன சட்டச் சிக்கல்'னு. எனக்கு அது பிடிக்கலை. அந்த வழக்குல ஒரு பெண் இருந்தா. நாம விரும்பிக் கேக்குற ஆளுங்கிறதால அவளைக் கதையிலிருந்து அழிக்க வேண்டியதில்லை.

நியூயார்க் திரும்பினதும் 1923 ஜூலை 30-ல கிளாரன்ஸ் வில்லியம்ஸ் குழுவோட முதல் இசைத்தட்டு. லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் முதன்முதலா ரெக்கார்ட் பண்ணி நாலு மாசம்கூட ஆகலை. 1924 கடைசியிலயும் 1925 ஜனவரியிலயும் ரெண்டு பேரும் சேர்ந்து 'கேக் வாக்கிங் பேபீஸ்'னு ஒரே பாட்டை ரெண்டு தடவை, ரெண்டு கம்பெனிக்குப் பதிவு செஞ்சாங்க. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க. முதல்ல பெஷே ஜெயிக்கிறார், ரெண்டாவதுல ஆம்ஸ்ட்ராங் ஜெயிக்கிறார். ஆம்ஸ்ட்ராங்குக்கு ஈடு கொடுத்து நின்ன ஆள் அந்த நேரத்துல உலகத்துல இவர் ஒருத்தர்தான்னு நான் அடிச்சுச் சொல்வேன்.

ஹார்லெம்ல கிளப் பாஷான்னு ஒண்ணு நடத்தினார். அங்க ஒரு சின்னப் பையனுக்கு சோப்ரானோ சொல்லிக்கொடுத்தார். பேர் ஜானி ஹாட்ஜஸ். பின்னாடி டியூக் எலிங்டன் ஆர்கெஸ்ட்ராவுல பல பத்து வருஷம் ஆல்டோ வாசிச்சவர். அவர் இழுத்து இழுத்து வாசிக்கிற அந்த ஸ்டைல்ல பெஷே இருக்கார்.

அப்ப ஏன் ஆம்ஸ்ட்ராங் பேரை எல்லாரும் கேட்டிருக்கோம், பெஷே பேரைக் கேட்டதில்லை? நிறைய காரணம் சொல்வாங்க. எனக்கு முக்கியமாப் படுறது டைமிங்.

1925 செப்டம்பர்ல பெஷே கப்பல் ஏறிட்டார். ஜோசஃபின் பேக்கர் நடனமாடின ரெவ்யூ நெக்ர நிகழ்ச்சிக்காக. அக்டோபர் 2-ல பாரிஸ் ஷான்ஸ் எலிசே தியேட்டர்ல அரங்கேற்றம், ஊரே பேசுச்சு. அடுத்த மாசம் நவம்பர் 12-ல ஆம்ஸ்ட்ராங் சிகாகோவுல ஹாட் ஃபைவ் பதிவுகளை ஆரம்பிக்கிறார். ஜாஸ் வரலாறே மாறின வருஷங்கள் அதுதான். அந்த நேரத்துல பெஷே மாஸ்கோவுல, பெர்லின்ல, பாரிஸ்ல. மைக் இருந்த இடத்துல ஆள் இல்லை. அந்தக் காலத்துல ரெக்கார்ட்ல இல்லேன்னா, எவ்வளவு வாசிச்சாலும் காத்தோட போச்சு.

அப்புறம் 1928 டிசம்பர். பாரிஸ், மோன்மார்த்ர. விடியற்காலை ஒரு கிளப்புக்கு வெளியே மைக் மெக்கெண்ட்ரிக்ங்கிற பாஞ்சோக்காரரோட தகராறு. ரெண்டு பேர் கையிலயும் துப்பாக்கி. தப்பான கார்ட் வாசிச்சேன்னு சொன்னதுக்காக வந்த சண்டைன்னு ஒரு கதை ஜாஸ் உலகத்துல ஓடும், கேட்க சுவாரசியமா இருக்கும். நடந்தது என்னன்னா, சுட்டுக்கிட்ட ரெண்டு பேருக்கும் பெருசா ஒண்ணும் ஆகலை. குண்டு பட்டது பக்கத்துல இருந்தவங்களுக்கு. பியானோ வாசிக்கிற குளோவர் காம்ப்டனுக்குக் கால்ல. தெருவுல போய்க்கிட்டிருந்த ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்கும் காயம்.

கேஷுவாலிட்டி டூட்டி பார்த்தவங்களுக்கு இது புதுசா இருக்காது. ரெண்டு பேர் வீராப்புல மோதிக்குவாங்க. ஸ்ட்ரெச்சர்ல வர்றது விலக்கப் போன மச்சான், இல்ல டீ குடிக்க வந்தவர். ஏ.ஆர். எழுதும்போது 'எப்படி அடிபட்டது'ன்னு கேட்டா, 'நான் சும்மாதான் நின்னேன் சார்'னு சொல்வாங்க. எத்தனை தடவை இந்த வரியை எழுதியிருப்பேன்னு கணக்கில்லை. அதனால இந்தக் கதையை 'ஜாஸ் டூயல்'னு யாராவது ரொமான்டிக்கா எழுதினா, எனக்கு அந்த ரோட்டுல போன பெண்தான் கண்ணுல வருது.

சுமார் 11 மாசம் ஜெயில். வெளிய வந்ததும் பிரான்ஸ்ல இருக்க முடியாது. பெர்லின் போய், அப்புறம் நோபிள் சிஸில் ஆர்கெஸ்ட்ராவோட அமெரிக்கா திரும்பினார். 1932-ல டிரம்பெட் வாசிக்கிற டாமி லாட்னியரோட சேர்ந்து நியூ ஆர்லியன்ஸ் ஃபீட்வார்மர்ஸ்னு குழு. அந்த செப்டம்பர்ல அவங்க ரெக்கார்ட் பண்ணின ஆறு பாட்டும் நெருப்பு. விற்பனை? நாடே பொருளாதார வீழ்ச்சியில கிடக்கு, யார் வாங்குவாங்க. ரசனையும் மாறிடுச்சு. ஒழுங்கா நொட்டேஷன் பார்த்து வாசிக்கிற பெரிய ஸ்விங் பேண்டுகள் காலம். நொட்டேஷன் படிக்காத, யாருக்கும் அடங்காத ஒரு சோப்ரானோக்காரருக்கு அதுல நாற்காலி இல்லை.

1933-ல அவர் ஹார்லெம்ல தையல் கடை வச்சார். ஆமா, தையல் கடைதான். சதர்ன் டெய்லர் ஷாப். பெஷே துணிகளை அயர்ன் பண்ணுவார், லாட்னியர் ஷூவுக்கு பாலிஷ் போடுவார். சாயங்காலம் கடைக்குப் பின்னாடி அறையில நண்பர்கள் சேர்ந்து வாசிப்பாங்க. 14 வருஷம் முன்னாடி மேதைன்னு எழுதப்பட்ட மனுஷன், 36 வயசுல இஸ்திரிப் பெட்டியோட நிக்கிறார். கடை ரொம்ப நாள் ஓடலை, அடுத்த வருஷமே திரும்ப சிஸில் பேண்டுக்குப் போயிட்டார். ஆனா இந்த ஒரு வருஷத்தை என்னால தாண்டிப் போகவே முடியலை. அயர்ன் பண்றது கேவலம்னு சொல்லலை. வேலை வேலைதான். அந்த மூச்சும் அந்த விரல்களும் உச்சத்துல இருந்த காலத்துல கேட்க ஆள் இல்லாமப் போச்சேங்கிற ஆதங்கம்.

1939 ஜூன் 8. ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்து வந்த ஆல்ஃப்ரெட் லயன் அந்த வருஷம்தான் ப்ளூ நோட்னு ஒரு குட்டிக் கம்பெனி ஆரம்பிச்சிருந்தார். அவருக்காக பெஷே 'சம்மர்டைம்' வாசிச்சார். கெர்ஷ்வினோட 'போர்கி அண்ட் பெஸ்' ஆபராவுல வர்ற தாலாட்டு. சாதாரண தட்டுல மூணு நிமிஷம்தான் கொள்ளும், இது 12 அங்குலத் தட்டு, அதனால நாலு நிமிஷத்துக்குக் கிட்ட கிடைச்சது. மெதுவா ஆரம்பிச்சு, ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏறி, கடைசியில தாலாட்டு கதறலா மாறிடும். ப்ளூ நோட்டோட முதல் ஹிட் அதுதான். இன்னைக்கு ஜாஸ்னா ப்ளூ நோட்டுன்னு சொல்ற அளவுக்கு வளர்ந்த கம்பெனி, நிக்கிறதுக்குக் கால் கொடுத்தது இந்த அயர்ன்கடைக்காரர்தான்.

1941 ஏப்ரல்ல இன்னொரு விளையாட்டு. 'ஷேக் ஆஃப் அராபி' பாட்டுக்கு கிளாரினெட், சோப்ரானோ, டெனர், பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆறையும் அவர் ஒருத்தரே வாசிச்சார். டேப் எல்லாம் இன்னும் ஸ்டுடியோவுக்கு வரலை. ஒரு தட்டுல வாசிச்சதை ஓட விட்டு, அதோட சேர்த்து வாசிச்சு அடுத்த தட்டுல பதிவு, அதை ஓட விட்டு மறுபடி. நடுவுல ஒரு தப்பு விழுந்தா போச்சு. இசைக்கலைஞர் சங்கம் சும்மா இருக்குமா? ஒரே ஆள் ஆறு பேர் வேலையைப் பார்த்தா மத்தவங்க சோத்துக்கு எங்க போறதுன்னு எதிர்ப்பு. நியாயமான கேள்விதான். இன்னைக்கும் வேற வேற ரூபத்துல அதே கேள்வி ஓடிட்டிருக்கு.

40-களோட நடுவுல புரூக்ளின்ல வீட்லயே இசைப்பள்ளி நடத்தினார். ஒரு மாணவருக்கு ஒரு பாடம் முழுக்க ஒரே ஒரு ஸ்வரம்தான் கொடுத்தாராம். அதை உறுமச் சொல்லி, வழுக்கச் சொல்லி, கொஞ்சம் இறக்கி, கொஞ்சம் ஏத்தி, எத்தனை விதமா வாசிக்க முடியும்னு பாருன்னு. எங்க மெடிசின் ப்ரொஃபசர் ஒருத்தர் இப்படித்தான். முதல் ஒரு வாரம் மர்மர் பத்திப் பேசவே விட மாட்டார். 'லப்' மட்டும் கேளு, அடுத்து 'டப்' மட்டும் கேளு, எங்க சத்தம், எங்க மெதுவான்னு சொல்லு. அப்ப எங்களுக்குக் கடுப்பா இருக்கும். இன்னைக்கு ஓ.பி.யில பின்னாடி நூறு பேர் நிக்கும்போது ஸ்டெத் வச்ச பத்து செகண்ட்ல ஏதாவது காதுல சிக்குதுன்னா அது அந்த ஒரு வாரத்தால.

இப்ப கதையோட திருப்பம். 1949 மே, பாரிஸ்ல ஜாஸ் விழா. மேடையில புது அலையோட சார்லி பார்க்கர், 22 வயசு மைல்ஸ் டேவிஸ். பழசோட சார்பா 52-ஐத் தொடுற பெஷே. அந்த நாட்டு ஜெயில்ல இருந்து 20 வருஷம் ஆச்சு. கூட்டம் யாரைத் தலையில தூக்கி வச்சுதுன்னா, பெஷேயை. கொஞ்ச நாள்லயே பிரான்ஸ்லயே குடியேறிட்டார். 1951-ல ஆன்டிப்ல கல்யாணம், ஊர்வலம், ஊரே திருவிழா. (இன்னொரு பக்கம் இன்னொரு குடும்பமும் வச்சிருந்தார், 1954-ல அங்க ஒரு மகன். ஆள் திருந்திட்டார்னெல்லாம் நினைச்சிடாதீங்க.)

1952-ல 'பெதித் ஃப்ளர்'. சின்னப் பூன்னு அர்த்தம். அவரே போட்ட மெட்டு. பிரான்ஸ்ல சலூன்லயும் கஃபேயிலயும் ஓடாத இடமில்லைங்கிற அளவுக்குப் பரவுச்சு. 'மிட்நைட் இன் பாரிஸ்' ஆரம்பத்துல வர்றதும் இந்தக் காலத்துப் பாட்டுதான். 1955 அக்டோபர் 19-ல ஒலிம்பியா அரங்கத்துல இலவசக் கச்சேரி, இசைத்தட்டு 10 லட்சம் வித்ததைக் கொண்டாட. உள்ள போனதைவிட வெளிய நின்னது அதிகம். நாற்காலி உடைஞ்சு, கண்ணாடி உடைஞ்சு, போலீஸ் வந்து... 58 வயசு கிழவருக்காக டீனேஜ் பசங்க கலாட்டா. ராக் அண்ட் ரோல் பிரான்ஸுக்கு வந்து சேர்றதுக்கு முன்னாடியே இது.

ஜாஸ் விமர்சகர்கள் சிலர் இந்த பிரெஞ்சு காலத்தை மட்டமாப் பேசுவாங்க. சினிமாப்பாட்டு மாதிரி ஆயிடுச்சு, கூட வாசிக்கிற பசங்க சுமார்னு. கொஞ்சம் உண்மை இருக்கு. 1932 பதிவுகள்ல இருக்குற வெறி இதுல இல்லை. இருந்தாலும் மனுஷன் 50 வயசுக்கு மேல முதல் தடவையா ஒரே ஊர்ல, போலீஸ் துரத்தாம, வாடகைக்குப் பயப்படாம வாசிச்சிருக்கார். அந்த நிம்மதி பாட்டுல கேட்டா அது குறையா?

கடைசி மெடிக்கல் பகுதி. அவருக்கு வந்தது நுரையீரல் புற்றுநோய். அந்தக் காலத்துல இதுக்கு இருந்ததெல்லாம் ஆபரேஷனும் ரேடியேஷனும்தான். புற்றுநோய் வந்த ஒரு பக்க நுரையீரலையே எடுத்து நோயாளியைப் பிழைக்க வச்ச முதல் ஆபரேஷனை 1933-ல, பெஷே தையல் கடை நடத்தின அதே வருஷம், எவார்ட்ஸ் கிரஹாம்ங்கிற அமெரிக்க சர்ஜன் செஞ்சார். அந்த சர்ஜனே 1957-ல இதே நோயில இறந்தார். சிஸ்பிளாட்டின் மாதிரி மருந்துகள் வர இன்னும் 20 வருஷம் இருந்தது.

1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில பெஷே வாசிச்ச பதிவு இருக்கு, கேளுங்க. அந்த வயசுலயும் நீண்ட சொற்றொடர்களை எப்படிப் பிடிச்சு நிறுத்துறார்னு பாருங்க. அடுத்த வருஷம் மே 14-ல பாரிஸுக்குப் பக்கத்துல கார்ஷ்ல இறந்தார். அன்னைக்கு அவருக்கு 62-வது பிறந்தநாள். அதே 1959-ல பிரிட்டிஷ் குழு ஒண்ணு, கிறிஸ் பார்பரோடது, 'பெதித் ஃப்ளர்'ஐ கிளாரினெட்ல வாசிச்சு அமெரிக்காவுலயும் பிரிட்டன்லயும் டாப் ஃபைவ்ல கொண்டு போனது. பெஷேயோட மெட்டு கடைசியில அவர் சொந்த நாட்டு ரேடியோவுல அப்படித்தான் ஓடுச்சு.

1960-ல அவர் சொல்லி எழுதின சுயசரிதை வந்தது. அதுல அடிமையா இருந்த தாத்தாவைப் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கு, படிச்சா உலுக்கிடும். பின்னாடி ஆராய்ஞ்சவங்க அது குடும்ப வரலாறு இல்லை, நியூ ஆர்லியன்ஸ்ல ஓடின ஒரு பழைய நாட்டுப்புறக் கதையை எடுத்துத் தாத்தா தலையில வச்சிருக்கார்னு சொல்றாங்க. நொட்டேஷன்ல இல்லாததை வாசிக்கிற பழக்கம், பேச்சுலயும் விடலை போல. அதே 1960-ல ஜான் கோல்ட்ரேன் சோப்ரானோவைக் கையில எடுத்தார், 'ப்ளூஸ் டு பெஷே'ன்னு ஒண்ணைப் பதிவும் செஞ்சார்.

எங்க ஆரம்பிக்கிறதுன்னு கேட்பீங்க. முதல்ல 1939 'சம்மர்டைம்'. அப்புறம் 'கேக் வாக்கிங் பேபீஸ்' ரெண்டு பதிவும் அடுத்தடுத்து. பழைய தட்டு, கரகரன்னு சத்தம் இருக்கும், பொறுத்துக்கங்க. கடைசியா 'பெதித் ஃப்ளர்'. போன் ஸ்பீக்கர்ல வேண்டாம், ஹெட்செட் போட்டுக் கேளுங்க. நடுக்கம் பிடிக்கலைன்னா தாராளமா திட்டலாம். நாளைக்கு 24 மணி நேர டூட்டி, பதில் லேட்டாத்தான் வரும்.